அம்மாவை வழியனுப்பிய கதை: தொண்ணூறு நாளை மூன்று மாதம் என்று நினைத்தவன் எழுதுவது

அம்மா இங்கிருந்து ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இதை எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், சோம்பலில் விட்டுவிட்டேன். போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், "அண்ணா, அம்மாவுக்கு விசா கிடைச்சிருச்சு, மூணு மாசம்" என்று சந்தோஷமாகச் சொன்னான். மூன்று மாதம் என்று கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு 510 யூரோவும் இரண்டு நாள் லீவும் போயின, அம்மாவுக்கு ஒரு தைப்பூசம் போனது. அவனுக்குச் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில், தனியாக. அப்பா தவறிய பிறகு அம்மா திருச்சியில் அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். ஒரு குளிர்காலமாவது என்னோடு இருக்கட்டும் என்று 2023இல் கூப்பிட்டேன். கூப்பிடுவதே பெரிய வேலை. இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, அம்மாவின் செலவுக்கெல்லாம் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு ஜெர்மனில் ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்ளேருங் என்று பெயர், ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் மொழித் தேர்வில் பாஸ். அப்புறம் முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், போகவர டிக்கெட் முன்பதிவு. இதையெல்லாம் சேர்த்து விசா வாங்கியதும் நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். விசா ஒட்டியிருந்த பக்கத்தை அக்கா போட்டோ எடுத்து அனுப்பினாள். அதில் முதலில் கண்ணில் பட்டது 'அக்டோபர் 29 முதல் பிப்ரவரி 10 வரை' என்ற வரி. அதற்குக் கீழே தங்கும் நாட்கள் 90 என்று இருந்தது. தொண்ணூறு என்றால் மூன்று மாதம், பிப்ரவரி பத்து வரை செல்லும், அப்படியானால் ஜனவரி 29இல் திரும்பினால் தாராளம் என்று டிக்கெட்டை உறுதி செய்துவிட்டேன்.

இங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். முதல், வரை என்று போட்டிருக்கும் தேதிகள் விசா எந்த இடைவெளிக்குள் செல்லும் என்பதை மட்டும்தான் சொல்கின்றன. பயணம் நாலு நாள் முன்பின் ஆனால் இடிக்கக் கூடாது என்று தங்கும் நாட்களுக்கு மேல் பதினைந்து நாள் கூட்டித் தருவார்கள். அந்தப் பதினைந்து நாளும் தங்குவதற்கு இல்லை. தங்கக் கூடியது தொண்ணூறு நாள்தான். வந்து இறங்கிய நாள் ஒன்று, கிளம்பும் நாளும் ஒன்று, இரண்டும் கணக்கில் சேரும். ஆகவே தொண்ணூறாவது நாள், விசாவில் 'வரை' என்று போட்டிருக்கும் தேதி, இந்த இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கடைசி நாள். விரல் விட்டு எண்ணுங்கள், காலண்டரில் பென்சிலால் எழுதுங்கள், ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது, அதில் போட்டுப் பாருங்கள். மாதக் கணக்கில் மட்டும் யோசிக்காதீர்கள்.

அம்மா வந்து இறங்கியது அக்டோபர் 29, ஞாயிறு. இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கும் நாள். "நேரத்தைக்கூடத் திருப்பி வெப்பாங்களாடா இந்த ஊர்ல?" என்று கேட்டார். தெரிந்த குடும்பம் ஒன்று கூட வந்ததால் வரும்போது சிரமம் இல்லை. அதற்கப்புறம் இரண்டரை மாதம் நன்றாகப் போனது. கீழ்வீட்டு மூதாட்டி படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் 'ட்சூஸ்' என்று சொல்லி விடைபெறுவார், அம்மா அதை ஜூஸ் என்று கேட்டு, "வேண்டாம்மா, இப்பத்தான் காப்பி குடிச்சேன்" என்று தமிழிலேயே பதில் சொல்வார். பொங்கலுக்கு ஈழத்தமிழர்கள் நடத்தும் கோயிலுக்குப் போனோம். தைப்பூசம் ஜனவரி 25 என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொண்டார். ஊருக்குப் போகும் முன் பூசத்துக்கு ஒரு தடவை வந்துவிட்டுக் கிளம்பலாம், இதுதான் அம்மாவின் திட்டம்.

ஜனவரி 17, புதன்கிழமை. மதியம் கேன்டீனில் கூட வேலை பார்க்கும் தெலுங்கு நண்பர், அம்மா எப்போது போகிறார் என்று சும்மா கேட்டார். 29 என்றேன். வந்தது எப்போது என்றார். அதுவும் 29 என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார். அக்டோபரில் மூன்று, நவம்பர் முப்பது, டிசம்பர் முப்பத்தொன்று, ஆக அறுபத்து நாலு. மிச்சம் இருபத்தாறு. "இருபத்தாறாம் தேதி நள்ளிரவுக்குள்ள வெளியே போயிடணும்" என்றார். மூன்று நாள் அதிகம். மூன்று நாள்தானே என்று நினைக்கலாம். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்க்கும் அதிகாரி நாட்களை எண்ணுவார், விவகாரம் ஆனால் அடுத்த விசா கேட்கும்போது இந்த மூன்று நாள் முன்னால் வந்து நிற்கும். பொறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் வேறு நான். இப்போது நிலைமை இன்னும் கறார். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதிலாகக் கைரேகை, முகப்படத்தோடு கணினியில் பதிகிறார்கள், கூடுதல் நாளை அதுவே எண்ணிக் காட்டிவிடும்.

அன்று மதியம் நான் வேலையே செய்யவில்லை. டிக்கெட்டை இருபது யூரோ மலிவு என்று ஒரு இணைய ஏஜென்சியில் வாங்கியிருந்தேன். விமான நிறுவனத்துக்குப் போன் செய்தால், விற்றவர்களிடம்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். ஏஜென்சிக்குப் போட்டால் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. அதே நாளில்தான் உறைமழை பெய்து ஃபிராங்க்ஃபர்ட்டில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாகியிருந்தன, நாட்டில் பாதிப் பேர் டிக்கெட் மாற்றப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைதான் ஒருவர் எடுத்தார். சென்னைக்கு நேர் விமானத்தில் இடம் இருந்தது 26ஆம் தேதி ஒன்றில்தான். மாற்றும் கட்டணம், விலை வித்தியாசம் எல்லாம் சேர்த்து 214 யூரோ. பேசாமல் கட்டினேன். வயதானவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது விமான நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள். அந்த இருபது யூரோ லாபம் நல்ல நாளில்தான் லாபம்.

இருபத்தாறு என்பது சரியாகத் தொண்ணூறாவது நாள். அன்று பனி கொட்டி விமானம் நின்றுபோனால்? விசாரித்தேன். நம் கையை மீறிய காரணத்தால் கிளம்ப முடியாமல் போனால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவை நீட்டித்துத் தர வழி இருக்கிறது, ஆனால் விசா நாள் முடிவதற்குள் கேட்க வேண்டும், ரத்தானதற்கு அத்தாட்சி வேண்டும். மகனுக்கு எண்ணத் தெரியவில்லை என்பதெல்லாம் காரணத்தில் சேராது. தயவுசெய்து கடைசி நாளுக்கு ஒரு வாரமாவது முன்னால் திரும்பும் தேதியை வையுங்கள். பாசத்தில் கடைசி நாள் வரை இழுக்கத் தோன்றும். அந்த ஒரு வாரம் தூக்கம் இருக்காது.

அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆனது. சனிக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தவரிடம், "தேதி கொஞ்சம் மாறிடுச்சும்மா, வெள்ளிக்கிழமையே கிளம்பணும்" என்றேன். திரும்பாமல், "அப்ப பூசம்?" என்று கேட்டார். காலை விமானம் என்பதால் வெள்ளி விடியற்காலையில் ரயிலேறினால் போதும், வியாழன் மாலை கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று சமாதானம் சொன்னேன். திங்கட்கிழமை காலை செய்தியைத் திறந்தால், ரயில் ஓட்டுநர்கள் புதன் அதிகாலை முதல் 29 வரை நாடு முழுக்க வேலைநிறுத்தம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் இருநூறு கிலோமீட்டர். ஓடும் சில ரயில்களை நம்பிக் கிளம்ப எனக்குத் தைரியம் இல்லை. கார் வாடகைக்கு எடுக்கலாம் என்றால் என்னிடம் இருப்பது இந்திய லைசென்ஸ், இங்கே குடியேறி ஆறு மாதத்துக்கு மேல் அது செல்லாது. மாற்றிக்கொள்ளலாம், அதற்கு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு எல்லாம் எழுத வேண்டும் என்று ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். தெரிந்த இரண்டு பேரிடம் கார் கேட்டேன். ஒருவர் ஊரில் இல்லை, இன்னொருவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். கேட்பதற்கே கூச்சமாக இருந்தது, கேட்ட பிறகு இன்னும் கூச்சமாக இருந்தது.

மிச்சம் இருந்தது தொலைதூர பஸ். வெள்ளி விடியற்காலைப் பஸ்கள் நான் பார்க்கும்போதே நிரம்பியிருந்தன. வியாழன் மதியப் பஸ்ஸில் இரண்டு சீட், சாதாரண நாளில் பதினைந்து யூரோ இருக்கும், அன்று தலைக்கு 44. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓட்டல் 149. இதில் ஒரு வேடிக்கை, 29ஆம் தேதிக்கு எடுத்திருந்த ரயில் டிக்கெட், திருப்பித் தர மாட்டோம் என்று போட்டிருந்த மலிவு டிக்கெட், வேலைநிறுத்தப் பட்டியலில் அந்தத் தேதியும் இருந்ததால் அதற்கு மட்டும் முழுப்பணமும் திரும்பி வந்தது. பூசத்தன்று மதியம் இரண்டு பெட்டியோடு பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றோம். அம்மா கோயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பெட்டி கட்டும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெட்டிக்கு 23 கிலோ என்று இரண்டு பெட்டி. கையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கும் தராசில் வீட்டிலேயே எடை பார்த்து 22.6, 22.8 என்று கட்டி வைத்திருந்தேன். ஆனால் அம்மா வரும்போது பொடியும் முறுக்கும் கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாக்கள் ஐந்து இருந்தன. "இதெல்லாம் இங்கயே இருக்கட்டும்" என்றால் கேட்கவில்லை. அதில் இரண்டு பக்கத்துவீட்டு மாமியுடையது. காலி டப்பாவாகத் திருப்பித் தரக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் சாக்லேட்டை நிரப்பி, ஓட்டலில் நான் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையில் இருந்ததையெல்லாம் பெரிய பெட்டிக்குள் திணித்துவிட்டார். மறுநாள் கவுன்டரில் 25.4. பின்னால் வரிசை நிற்க, தரையில் பெட்டியைத் திறந்து, அம்மாவின் உள்பாவாடைகளுக்கு நடுவிலிருந்து டப்பாக்களை எடுத்து நானே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நிமிடம் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். "கொஞ்சம் சும்மா இரும்மா." இப்போது நினைத்தாலும் அந்த வாக்கியம்தான் உறுத்துகிறது, செலவான பணம் இல்லை. கட்டிய பெட்டியைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது இரண்டு கிலோ அம்மாவுக்கென்றே விட்டுவையுங்கள், எப்படியும் ஏதாவது வைப்பார்கள்.

இன்னொரு சின்ன இழப்பு. அக்காவுக்கென்று நல்ல பிரஷர் குக்கர் ஒன்றை அம்மாவின் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கியிருந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே ரசீதில் ஐம்பது யூரோவுக்கு மேல் வாங்கி, பயன்படுத்தாமல் மூன்று மாதத்துக்குள் வெளியே கொண்டுபோனால் மதிப்புக் கூட்டு வரியில் பெரும் பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் சுங்க அதிகாரி பொருளைக் கண்ணால் பார்த்து முத்திரை வைக்க வேண்டும். பொருள் பெட்டிக்குள் இருந்தால் செக்-இன் கவுன்டரிலேயே சொல்ல வேண்டும், சீட்டு ஒட்டிய பெட்டியைத் திருப்பித் தருவார்கள், அதைச் சுங்கத்தில் காட்டினால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். எனக்கு இது தெரிந்தது பெட்டி பெல்ட்டில் போன பிறகு. கிடைத்திருக்க வேண்டிய இருபத்திரண்டு யூரோ குக்கரோடு திருச்சிக்குப் போனது.

ஓட்டல் இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொண்டுபோன தயிர்சாதத்தையும் புளியோதரையையும் சாப்பிட்டோம். அம்மா ஓட்டல் டம்ளரைக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார். விடியற்காலை நான் எழுந்தபோது படுக்கை விரிப்பை நான்காக மடித்து, தலையணையை அதன் மேல் அடுக்கி, கோட்டு மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்கவில்லை.

அடுத்த தவறு சக்கர நாற்காலி. அம்மாவுக்கு நடக்க முடியும், ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் தனியாகக் கேட்டைக் கண்டுபிடிக்க முடியாது, தமிழ் தவிர வேறு மொழியும் கிடையாது. அதனால் முதல் டிக்கெட்டிலேயே உதவி கேட்டுப் பதிந்திருந்தேன். ஐரோப்பாவில் இந்த உதவிக்குக் காசு இல்லை, 48 மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் போதும். டிக்கெட்டை மாற்றியபோது அந்தப் பதிவு கூட வரவில்லை. கவுன்டரில் இருந்த பெண், "இங்கே ஒன்றும் இல்லையே" என்றார். புதிதாகக் கேட்டு, ஓர் ஓரமாக உட்காரவைத்தார்கள், ஐம்பது நிமிடம். தேதி மாறினால் நாற்காலி, சாப்பாடு, சீட் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டு, எழுத்தில் உறுதி வாங்குங்கள். அந்த ஐம்பது நிமிடத்தில் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். சென்னை விமான வரிசையில் கும்பகோணத்துக் குடும்பம் ஒன்றைப் பிடித்து, அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், அடுத்த வருடம் அவர்கள் அம்மாவுக்காக அவர்கள் யாரையாவது கேட்பார்கள்.

உதவியாளர் வந்ததும் எல்லாம் வேகமாகிவிட்டது. அவருக்கு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிப்போக வேண்டும். பயணி இல்லாதவர்கள் தாண்டக் கூடாத கோடு இருபது அடி தள்ளி. பாதுகாப்புச் சோதனை வரை கூடப் போகலாம், அங்கே நின்று பேசலாம், காலில் விழுந்து கும்பிடலாம் என்று நான் மனதில் வைத்திருந்தது ஒன்றும் நடக்கவில்லை. அம்மா மட்டும் பர்ஸைத் திறந்து, பொங்கலன்று கோயிலில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். உதவியாளர் நாற்காலியைத் தள்ளத் தொடங்கிவிட்டார். நான் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்தேன், அம்மா ஓடுகிற நாற்காலியிலிருந்து கையை நீட்டி என் நெற்றியில் பூசினார், பாதி மூக்கில் விழுந்தது. "மாவு ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டுல இருக்கு, ரெண்டு நாள்ல தீர்த்துடு" என்றார். அவ்வளவுதான், நாற்பது வினாடி இருக்கும். ஒன்பது நாள் அலைந்தது இந்த நாற்பது வினாடிக்கு. விடைபெறுவதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். முதல் நாள் ராத்திரி, பெட்டியெல்லாம் வாசலில் வைத்த பிறகு, செல்போனை அணைத்துவிட்டு உட்கார்ந்து பேசி, கும்பிட வேண்டியதைக் கும்பிட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் அதற்கு இடம் கிடையாது.

திரும்பி வர பஸ் 37 யூரோ. கண்ணாடியில் பார்க்கும் வரை நெற்றி முழுக்கத் திருநீறு இருப்பது தெரியாது. மடியில் ஐந்து எவர்சில்வர் டப்பா. பக்கத்து சீட்காரர் என்னைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

விமானம் சென்னையில் இறங்கும்போது இங்கே இரவு ஏழரை. அத்தான் வாசலில் நின்றார். ஒரு மணி நேரம் ஆகியும் அம்மாவிடமிருந்து போன் இல்லை, என் போனும் போகவில்லை. மூன்று மாதமாக அம்மாவின் இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தேன். விமான நிலைய வைஃபைக்கும் அந்த எண்ணுக்குத்தானே ஓடிபி வரும். கடைசியில் நாற்காலி தள்ளிய பையனின் போனிலிருந்து அத்தானுக்குக் கூப்பிட்டிருக்கிறார். பர்ஸில் நான் பெரிய எழுத்தில் எழுதி வைத்த தாள் இருந்தது, ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் இங்கிலீஷிலும் ஜெர்மனிலும்: பெயர், விமான எண், யாருக்கு அழைக்க வேண்டும், ரத்த அழுத்த மாத்திரையின் பெயர். இவ்வளவு குளறுபடியில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அந்தத் தாள். கிளம்பும் முன் ரீசார்ஜ், பர்ஸில் தாள், மாத்திரை கைப்பையில், அந்த ஓட்டத்தில் இது மூன்றையும் மறக்காதீர்கள்.

ஒன்பது மணிக்கு அத்தான் போனிலிருந்து அம்மா பேசினார். கோட்டைக் கழற்றிவிட்டாராம், ஒரே புழுக்கமாம். கும்பகோணத்துக் குடும்பத்தில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம். நான் எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள், "டப்பாவெல்லாம் பத்திரமா வெச்சிருக்கியா? ரெண்டு மாமியோடது" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசம் முடிந்து மூன்று நாள், கூட்டமே இல்லை. வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த மாவில் தோசை வார்த்தேன், கொஞ்சம் புளித்திருந்தது. டப்பாக்கள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. சாக்லேட்டை நான் தின்றுவிட்டேன்.